வீடு உம்மாவுக்கு, பாஸ்வேர்ட் யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வைஃபை உள்ளவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாத உம்மாமாருக்கு வீட்டில் உள்ள பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

அண்மையில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒரு தாய் மட்டும் எம்மிடம் வந்து நின்றார். மகள் உயர்தரம் படிக்கிறார். இரவில் ஒன்லைனில் மீட்டல் வகுப்பு. பிள்ளையின் போன் விழுந்து உடைந்ததால் வேறொரு போன் வாங்கியிருக்கிறார்கள். புதிய போன் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"மகன்தான் சேர் போட்டுத் தந்த. அவன் இப்ப கட்டார்ல. கேட்டா, உம்மா எனக்கும் மறந்து போச்சு, என்ட பழைய நம்பர அடிச்சுப் பாருங்க என்டான். அடிச்சுப் பார்த்தம், சரிவரல்ல."

பிறகு ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு போன் கடைக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்த தம்பி ஊசியால் ஒரு குத்துக் குத்தி ரீசெட் செய்து கொடுத்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினால் பைபர் இணைப்பு வேலை செய்யவில்லை. இன்டர்நெட் லைட் எரியவேயில்லை. ஆள் வந்து திருத்தும் வரை நான்கு நாட்கள். அந்த நான்கு இரவும் பிள்ளைக்கு வகுப்பில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம். "கடைக்குக் கொண்டு போக முதல், உங்கட போன்ல இன்டர்நெட் வந்ததா?"

"ஓம் சேர். என்ட போன்ல வந்துகொண்டுதான் இருந்த. மகனோட வட்ஸ்அப்ல கதைச்சதும் அதுலதான்."

அதாவது, வீடு முழுக்கத் தேடிய பாஸ்வேர்ட் அந்தத் தாயின் கையிலேயே இருந்திருக்கிறது. கட்டாருக்கு அழைத்துக் கேட்டார்கள், கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உம்மாவின் போனை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தாய்க்கும் தோன்றவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் பிரயோசனமான விடயத்தைச் சொல்லிவிடுகிறோம். எமது அபிப்பிராயத்தைப் பிறகு சொல்கிறோம்.

வைஃபை பாஸ்வேர்ட் மறந்தால் அது தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது ரவுட்டருக்குள் இருக்கிறது. அந்த ரவுட்டரோடு இணைந்திருக்கிற போன், கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே தேட வேண்டிய ஒழுங்கு இதுதான்.

முதலாவது, வீட்டில் எந்தப் போனில் இன்னும் வைஃபை வேலை செய்கிறது என்று பாருங்கள். அண்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்திய போன் என்றால், செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் பகிர்வதற்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போன் உங்கள் கைரேகையையோ பின் இலக்கத்தையோ கேட்கும். கொடுத்ததும் சதுரமான ஒரு கியூஆர் படம் வரும். பல போன்களில் அந்தப் படத்தின் கீழேயே பாஸ்வேர்ட் எழுத்தில் தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, புதிய போனின் கெமராவை அந்தப் படத்துக்கு நேரே பிடித்தால் போதும், இணைந்துவிடும். ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய வட்டத்தைத் தொட்டால் பாஸ்வேர்டைப் பார்க்கலாம். விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் அதன் வைஃபை விபரங்களில் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் எழுத்துக்களைக் காட்டும்படி கேட்கலாம்.

இரண்டாவது, ரவுட்டரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அச்சடித்திருக்கும். யாரும் அதை மாற்றவில்லை என்றால் அதுவே வேலை செய்யும்.

மூன்றாவது, ரவுட்டரையும் கணினியையும் வயரால் இணைத்து, 192.168.1.1 என்பது போல ஸ்டிக்கரில் இருக்கும் இலக்கத்தை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். அதற்கு வேறொரு பாஸ்வேர்ட் வேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எமது வீட்டு இணைப்புக்கு மூன்று சாவிகள் உண்டு. வைஃபை பாஸ்வேர்ட் வாசல் கதவுச் சாவி. ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்ட் அலுமாரிச் சாவி. கம்பனியில் உள்ள உங்கள் கணக்கின் பாஸ்வேர்ட் மூன்றாவது. ஒன்றின் சாவியால் மற்றதைத் திறக்க முடியாது.

நான்காவதும் கடைசியும்தான் ரீசெட். ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துவாரத்தில் ஊசியை விட்டு ஏறக்குறைய 10 செக்கன் அழுத்திப் பிடித்தால், அது கடையில் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பைபர் இணைப்புகளில் கம்பனி போட்டுத் தந்த அமைப்புகளும் அதோடு அழிந்து போகலாம். அந்தப் பிள்ளையின் வீட்டில் நடந்தது அதுதான். ஆகவே ஊசியைத் தொட முதல் உங்கள் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். எஸ்எல்டி இணைப்பு என்றால் 1212. ரீசெட் செய்தே ஆகவேண்டி வந்தால், வாயிலும் கதவிலும் இருந்த பழைய சாவிகளை, அதாவது ஸ்டிக்கரில் உள்ள இரண்டு பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிடுங்கள்.

இனி எமது அபிப்பிராயம்.

எமது கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே ஒரு வழக்கம் உண்டு. காத்தான்குடி தொடக்கம் ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை வரை எல்லோருக்கும் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா பாடுபட்டுக் கட்டுகிற வீட்டை மகளுக்கு எழுதுகிறார். மருமகன் அங்கே வந்து சேருகிறார். மகன் கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போகிறான். இந்தச் சீதன வீட்டு முறை சரியா, பிழையா என்பது வேறு விவாதம், அதை இங்கே தொடங்கவில்லை. நாம் சொல்ல வருவது, உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கிறது, அலுமாரிச் சாவிக் கொத்து அவளிடம் இருக்கிறது. கரண்ட் பில், தண்ணீர் பில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவள்தான் எடுத்துத் தருகிறாள்.

ஆனால் அதே வீட்டின் வைஃபை சாவி மட்டும் அவளிடம் இல்லை. அது மகனிடம் இருக்கிறது. அவன் வெளிநாடு போனால் அதுவும் வெளிநாடு போகிறது. அவன் கலியாணம் முடித்தால் பாஸ்வேர்டும் அவனோடு மாப்பிள்ளையாகப் போய்விடுகிறது. மகன் இல்லாத வீட்டில் மருமகனிடம் இருக்கிறது. இருவரும் இல்லாவிட்டால் சந்தியில் உள்ள போன் கடைத் தம்பியிடம் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்தான் எமது பல வீடுகளுக்குள் இணைப்பு வந்தது. அப்போது அவசரம். சூம் வகுப்பு தொடங்கிவிட்டது, பிள்ளை அழுகிறது, யாராவது வந்து பூட்டித் தந்தால் போதும் என்றிருந்தது. யாரோ வந்து பூட்டினார்கள், ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டார்கள், எல்லாப் போன்களிலும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் ஒருமுறை அடித்ததைப் போன் தானே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நாளாந்தம் பாவிக்காத எதையும் மனிதன் மறப்பான். ஆகவே மறந்ததற்காக உம்மாவையோ மகனையோ ஏசுவதில் நியாயமில்லை. எழுதி வைக்காததுதான் எமது குறை.

"பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாது" என்று எங்கோ கேட்டதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அலுவலகக் கணினியின் திரையில் ஒட்டி வைப்பதற்குச் சொன்ன புத்திமதி அது. வீட்டு அலுமாரிக்குள் உறுதிப் பத்திரத்தோடு இருக்கும் ஒரு கடதாசியை இணையத்தால் வந்து எவரும் திருட முடியாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடுகிற சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீளமான வசனம். பிற்பாடு தகராறும் சந்தேகமும் வராமலிருக்க எழுதி வைப்பது எமது மார்க்கம் எமக்குப் பழக்கிய பண்பு. கடனை எழுதத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு பாஸ்வேர்டை எழுதுவது பெரிய காரியமா?

அடுத்தது, எப்படிப்பட்ட பாஸ்வேர்ட் என்பது. பல வீடுகளில் வீட்டுக்காரரின் போன் இலக்கமே பாஸ்வேர்ட். ஞாபகம் வைக்க இலகு என்பது உண்மை. ஆனால் எமது நாட்டுக் கைபேசி இலக்கம் 10 இலக்கம், எல்லாமே 07இல் தொடங்குகின்றன. மீதி 8 இலக்கங்களை எத்தனை விதமாக மாற்றினாலும் 10 கோடிதான். மனிதனுக்கு அது பெரிய எண். பிள்ளைகள் கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கணினிக்கு அது சில நிமிட வேலை. அதற்கு முன்னர், உங்கள் போன் இலக்கம் தெரிந்த அயலவருக்கு அந்தச் சில நிமிடமும் தேவையில்லை.

அதற்காக, சிறிய எழுத்து, பெரிய எழுத்து, கேள்விக்குறி, நட்சத்திரம் என்று ஒருவராலும் சொல்ல முடியாத ஒன்றைப் போடுவதும் புத்தியில்லை. அப்படிப் போடச் சொல்லி அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் வழிகாட்டி எழுதியவர் பில் பர். அந்தப் புத்திமதியில் பெரும்பகுதிக்காகத் தாம் வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் வழிகாட்டியை மாற்றியது. சிக்கலானதை விட நீளமானது நல்லது, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு.

வைஃபை பாஸ்வேர்ட் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஆகவே ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். வாவி, உரல், கொடுவா, குடை என்பது போல. இதையே போட்டுவிடாதீர்கள், இந்தப் பதிவை ஊரே வாசிக்கிறது. உம்மா வாயால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மா என்றால், அந்தக் கியூஆர் படத்தை அச்சடித்து அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யாராவது புதிய போனோடு வந்தால் கதவைத் திறந்து காட்டுவார். படிப்பறிவு குறைந்தவர் என்று நாம் நினைக்கும் உம்மாவால் செய்ய முடியாத வேலை அதில் ஒன்றுமில்லை.

சிலர் சொல்வார்கள், "உம்மாட கையில குடுத்தா கேட்கிறவனுக்கெல்லாம் குடுத்திடுவா" என்று. மகன்மார் எத்தனை கூட்டாளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். எமது ஊர்கள் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நெருக்கிப் பிடித்த ஊர்கள். மதிலோடு மதில், யன்னலோடு யன்னல். போனைத் திறந்தால் பத்துப் பதினைந்து வீட்டு வைஃபை பெயர் வரிசையாகத் தெரிகிறது. அவசரத்துக்கு அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல காரியம், அயலவருக்கு உரிமை உண்டு. அதற்கென்று பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று தனியான ஒன்றை வைக்கலாம். விறாந்தையில் உட்காரவைப்பது போல அது. வீட்டுக்குள் உள்ள கணினிக்கும் போன்களுக்கும் அதனால் போக முடியாதபடி பிரித்து வைக்கலாம்.

ஆனால் கேட்காமல் எடுப்பது வேறு. அயல் வீட்டு வைஃபையை உடைப்பதற்கு ஒரு செயலியைப் போட்டுப் பார்த்ததாக எமது மாணவர்கள் சிலர் வீரக்கதை போலச் சொல்கிறார்கள். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைய வேண்டாம் என்று சூரத்துந் நூர் சொல்வதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். எமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்திலும் அனுமதியில்லாத நுழைவு குற்றம்தான்.

இதில் பெற்றோருக்கும் ஒரு விடயம் இருக்கிறது. உங்கள் இணைப்பிலிருந்து யாரோ ஒருவர் பிழையான ஒரு பதிவைப் போட்டால், விசாரணை போகும்போது முதலில் தெரியப்போவது இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான். கதவு தட்டப்படுவது உங்கள் வீட்டில்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது ஊர்களில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே பாஸ்வேர்ட் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வீடு இருக்கக்கூடாது. தெரியாவிட்டால் இன்றே மாற்றிவிடுங்கள். இணையத்தில் ஏமாற்றப்பட்டாலோ கணக்குகள் களவுபோனாலோ இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து உதவி கேட்கலாம்.

போன் கடைத் தம்பிமாரில் எமக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. பலர் எம்மிடம் படித்த பிள்ளைகள், உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு ஊரின் பாதி வீட்டுச் சாவி ஒரே கடையில் இருப்பது அந்தத் தம்பிக்கும் நல்லதில்லை. நாளைக்கு எங்காவது ஒரு பிரச்சினை வந்தால் பழி அவர்மேல் விழும். அவர் பூட்டித் தரட்டும், கூலியைக் கொடுங்கள், துஆவும் செய்யுங்கள். அவர் போன பிறகு நீங்களே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆசிரியர் என்ற வகையில் எமது மனதை மிகவும் உறுத்தும் ஒன்று. பாஸ்வேர்ட் சில வீடுகளில் பிரம்பாகிவிட்டது. மகள் எதிர்த்துப் பேசினால் காக்கா பாஸ்வேர்டை மாற்றுகிறார். மனைவியோடு கோபம் என்றால் கணவர் மாற்றிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வகுப்புக் குறிப்புகளை இறக்க முடியாமல் எம்மிடம் வந்து அச்சுப் பிரதி கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் நள்ளிரவு வரை போனில் இருப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கு நேரம் வைத்து நிறுத்தும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் பத்து மணிக்கு ரவுட்டரின் சுவிட்சை அணையுங்கள், எல்லோருக்கும் சமமாக. ஆனால் ஒருவர் மட்டும் இரகசியமாகச் சாவியை வைத்துக்கொண்டு மற்றவரை வாசலில் நிற்க வைப்பது ஒழுக்கம் கற்பிப்பதாகாது.

அந்தத் தாயின் கதைக்குத் திரும்புகிறோம். பிள்ளையின் வகுப்பு இப்போது நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். போன் கடையில் போட்டிருந்த இலக்கத்தை மாற்றி, புதிய பாஸ்வேர்டை அவரையே தெரிவு செய்யச் சொன்னோம். நான்கு சொல். என்னவென்று எமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கொப்பித் தாளில் எழுதி வீட்டு உறுதியோடு வைத்திருப்பதாகச் சொன்னார். போகும்போது, "மகனுக்கும் சொல்லி அனுப்பினேன் சேர். லீவுல வந்தா அவனுக்கும் வேணுந்தானே" என்றார்.

மகன் உம்மாவிடம் கேட்டு வாங்குகிறார். அதுதான் எமது ஊர் வீட்டின் சரியான ஒழுங்கு.

இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உம்மாவின் போனைத் திறந்து பாஸ்வேர்டை எடுங்கள். கடதாசியில் எழுதுங்கள், வைஃபை பாஸ்வேர்டையும் ரவுட்டர் பாஸ்வேர்டையும் இரண்டையும். உம்மாவின் கையில் கொடுத்து, அவர் எங்கே வைக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள்.

எமது வீடுகளையும் பிள்ளைகளின் கல்வியையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

பிரயோசனம் என்று நினைத்தால் குடும்பக் குழுமங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் நடந்த அனுபவங்களையும் கீழே எழுதுங்கள், பாஸ்வேர்டைத் தவிர.